ஒரு மரணம், இரண்டு தேதிகள்

2016 டிசம்பர் 5, மாலை. சென்னை ராயப்பேட்டையில் அதிமுக தலைமை அலுவலகத்தின் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கியது. முதலமைச்சர் ஜெயலலிதா காலமாகிவிட்டார் என்று சில தொலைக்காட்சிகள் செய்தி ஓட்டத் தொடங்கியிருந்தன. சற்று நேரத்தில் அப்பல்லோ மருத்துவமனை அதை மறுத்தது. சிகிச்சை தொடர்கிறது என்றது. இறங்கிய கொடி மறுபடி உச்சிக்கு ஏறியது. இரவு 11.30 மணிக்கு உயிர் பிரிந்ததாக அதிகாரபூர்வ அறிவிப்பு வந்தபோது நள்ளிரவு தாண்டியிருந்தது. பொழுது விடிவதற்குள் ஆளுநர் மாளிகையில் ஓ. பன்னீர்செல்வமும் அமைச்சர்களும் பதவியேற்று முடித்துவிட்டார்கள். தன் பொதுச் செயலாளர் இருக்கிறாரா, இல்லையா என்பதைத் தொலைக்காட்சி பார்த்துத் தெரிந்துகொள்ளும் நிலையில் ஆளுங்கட்சியின் தலைமை அலுவலகமே இருந்தது. அந்த மரணத்தைச் சுற்றிப் பிறகு ஆறேழு ஆண்டுகள் நடந்த அரசியலைப் புரிந்துகொள்ள, ஒரே மாலையில் இறங்கி ஏறிய அந்தக் கொடியை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

தலைவர்கள் இறந்தால் ‘பிணத்தை வைத்து அரசியல் செய்கிறார்கள்’ என்று அங்கலாய்ப்பது நமக்குப் பழகிவிட்டது. அந்த அங்கலாய்ப்பால் ஒன்றும் விளங்குவதில்லை. பொதுவாழ்வில் இருந்தவரின் மரணம் பொதுவானதாகத்தான் இருக்கும். அதில் அரசியல் கலக்காமல் இருக்க வழியில்லை. சில மரணங்கள் ஒரு வாரத் துக்கத்தோடு வரலாற்றுக்குள் போய்விட, சில மட்டும் ஏன் ஆண்டுக்கணக்கில் கட்சிகளின் கையில் கருவியாகச் சுழல்கின்றன என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. தமிழகத்தின் அரை நூற்றாண்டு அனுபவத்தைப் பார்த்தால் இரண்டு விஷயங்கள் இதைத் தீர்மானிப்பதாகத் தெரிகிறது. அடுத்தது யார் என்பதைத் தலைவர் உயிரோடு இருக்கும்போதே கட்சி தீர்த்துவைத்ததா என்பது ஒன்று. அவர் நோயில் கிடந்த நாட்களில் மக்களிடம் எவ்வளவு சொல்லப்பட்டது என்பது மற்றொன்று. இந்த இரண்டு இடத்திலும் விடப்படும் வெற்றிடத்தைத்தான் இறப்புக்குப் பிறகு கதைகள் வந்து நிரப்புகின்றன.

1969 பிப்ரவரி 3 அன்று அண்ணா மறைந்தபோது இரண்டாவது வெற்றிடம் பெரிதாக இல்லை. அவருக்குப் புற்றுநோய் என்பதும், முந்தைய ஆண்டு நியூயார்க் சென்று அறுவை சிகிச்சை செய்துகொண்டு திரும்பினார் என்பதும் நாடறிந்தவை. அதனால் எப்படி இறந்தார் என்ற கேள்வி எழவேயில்லை. ஆனால் வாரிசு முடிவாகவில்லை. மூத்தவர் நெடுஞ்செழியன் இடைக்கால முதல்வரானார். ஒரு வாரம் கழித்து, பிப்ரவரி 10 அன்று, முதல்வர் நாற்காலியில் அமர்ந்தவர் கருணாநிதி. இதற்குச் சட்டமன்ற உறுப்பினர்களின் கணக்கு, எம்.ஜி.ஆரின் ஆதரவு என்று பல காரணங்கள் உண்டு. கட்சித் தொண்டனின் மனதில் தங்கியது அவை எதுவுமில்லை. வானொலியில் ஒலித்த கருணாநிதியின் இரங்கற்கவிதைதான் தங்கியது. அண்ணாவிடம் அவருடைய இதயத்தை இரவலாகக் கேட்டு, தான் வரும்போது அதைத் திருப்பித் தருவதாகச் சொன்ன கவிதை அது. இரங்கல்பா என்ற வகையில் அதன் உருக்கம் உண்மையானது. அதே நேரத்தில் அதைவிடத் தேர்ந்த வாரிசு உரிமைப் பத்திரத்தை எந்த வழக்கறிஞரும் எழுதியிருக்க முடியாது.

அந்த இறுதி ஊர்வலத்தில் 1.5 கோடிப் பேர் கலந்துகொண்டதாகக் கின்னஸ் புத்தகத்தில் பதிவானது. இன்றுவரை மேடைகளில் சொல்லப்படும் எண் இது. 1971 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மொத்த மக்கள்தொகையே சுமார் 4.1 கோடிதான், சென்னை மாநகரின் மக்கள்தொகை ஏறக்குறைய 25 லட்சம். கைக்குழந்தை முதல் படுத்த படுக்கையான முதியவர் வரை மாநிலத்தில் மூன்றில் ஒருவர் அன்று சென்னையில் இருந்திருந்தால்தான் அந்த எண் சரியாகும். அன்றைய ரயிலுக்கும் பேருந்துக்கும் அது எந்த வகையிலும் சாத்தியமில்லை. கூட்டம் மாபெரும் கூட்டம் என்பதில் ஐயமில்லை. ரயில் கூரைகளில் ஏறி வந்தவர்கள் கொள்ளிடம் பாலத்தில் அடிபட்டு மாண்ட கொடுமையும் நடந்தது. ஆனாலும் யாரும் தலையை எண்ணவில்லை. துக்கத்தின் அளவைச் சொல்ல வந்த ஓர் எண், கட்சியின் பலத்தைச் சொல்லும் எண்ணாக மாறிவிட்டது.

இந்து வழக்கில் கொள்ளி வைப்பவர் யார் என்பதே வாரிசு யார் என்பதைச் சொல்லிவிடும். திராவிட இயக்கத் தலைவர்கள் எரியூட்டப்படவில்லை, கடற்கரை மணலில் புதைக்கப்பட்டார்கள். கொள்ளி இல்லாத இடத்தில் அருகாமை அந்த வேலையைச் செய்தது. உடலின் தலைமாட்டில் நிற்பது யார், வண்டியில் ஏறுவது யார், பேழைக்கு அருகே கடைசியாகக் குனிவது யார் என்பதைக் கோடிக்கணக்கான கண்கள் பார்த்துக் கணக்குப் போட்டன. 1987 டிசம்பர் 24 அன்று எம்.ஜி.ஆர். இறந்தபோது ராஜாஜி மண்டபத்தில் நடந்தது இதுதான். ஜெயலலிதா இரண்டு நாட்களில் 21 மணி நேரம் தலைமாட்டில் நின்றார். உடல் ஏற்றப்பட்ட பீரங்கி வண்டியில் அவர் ஏற முயன்றபோது கீழே தள்ளப்பட்டார். தள்ளியவர்களின் கணக்கு அந்த இடத்திலேயே பிசகியது. மனைவி ஜானகிக்கு இருந்த சட்டபூர்வ உறவை மறக்கடிக்கும் அளவுக்கு வலுவான ஒரு காட்சியைத் தங்கள் கையாலேயே எதிராளிக்குக் கொடுத்துவிட்டார்கள். 1988 ஜனவரியில் முதல்வரான ஜானகியின் ஆட்சி அந்த மாதமே கலைக்கப்பட்டது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் அவர் எம்.ஜி.ஆரின் சொந்தத் தொகுதியான ஆண்டிபட்டியிலேயே தோற்றார். ஜெயலலிதா அணிக்கு 27 இடங்கள் கிடைத்தன. ஆட்சி 13 ஆண்டுகளுக்குப் பிறகு திமுகவுக்குப் போனது. அதே டிசம்பர் 24 அன்று இன்னொரு சம்பவமும் நடந்தது. அண்ணா சாலையில் நின்ற கருணாநிதியின் சிலையை ஒரு கும்பல் கடப்பாரையால் உடைத்தது. எம்.ஜி.ஆர். நோயால் இறந்தார், அதில் யாருடைய குற்றமும் இல்லை. இருந்தும் துக்கத்துக்கு ஓர் எதிரி தேவைப்பட்டான்.

டெல்லியும் இந்தக் கலையில் பின்தங்கியதில்லை. காமராஜர் 1975 அக்டோபர் 2 அன்று, நெருக்கடிநிலையின் நடுவே இறந்தார். ஆறு ஆண்டுகளாக இந்திரா காந்தியை எதிர்த்து நின்றவர் அவர். நெருக்கடிநிலையின் அதிர்ச்சியில் மனம் உடைந்து போனார் என்றது ஒரு தரப்பு. கடைசிக் காலத்தில் இரண்டு காங்கிரஸும் இணைய வேண்டும் என்றே விரும்பினார் என்றது மறுதரப்பு. இந்திரா நேரில் வந்து அஞ்சலி செலுத்தினார். 1976இல் பாரத ரத்னா அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு காமராஜர் வழிநடத்திய தமிழக ஸ்தாபன காங்கிரஸின் பெரும்பகுதி இந்திராவோடு போய்ச் சேர்ந்தது. எம்.ஜி.ஆருக்கு 1988இல் பாரத ரத்னா வந்தபோது தமிழகத்தில் தேர்தல் வரவிருந்தது. விருதுக்கு இருவருமே தகுதியானவர்கள்தான். நேரத்தைப் பற்றித்தான் பேச்சு.

கொலைகளை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அவற்றின் விசை வேறு. 1984 அக்டோபர் 31இல் இந்திரா சுட்டுக் கொல்லப்பட்டபோதும், 1991 மே 21இல் ராஜீவ் ஶ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்டபோதும் மக்கள் தேடியது வாரிசை அல்ல, குற்றவாளியை. 1991 ஜூனில் நடந்த சட்டமன்றத் தேர்தலில் அதிமுக – காங்கிரஸ் கூட்டணி 225 இடங்களைப் பிடித்தது. திமுகவுக்குக் கிடைத்தவை 2. குண்டு வைத்தது திமுக அல்ல. ஜனவரி மாதமே அதன் ஆட்சி கலைக்கப்பட்டிருந்தது. ஆனால் அந்தக் கலைப்புக்குச் சொல்லப்பட்ட காரணமே விடுதலைப் புலிகளின் நடமாட்டம்தான். மே மாதக் கோபத்துக்குப் போக வேண்டிய முகவரி ஜனவரியிலேயே எழுதப்பட்டிருந்தது. நோயால் வரும் மரணம் வாரிசைத் தேடுகிறது, கொலை குற்றவாளியைத் தேடுகிறது என்று வைத்துக்கொண்டால், ஜெயலலிதாவின் மரணத்தில் நடந்த புதுமை புலப்படும். அங்கே இரண்டையும் ஒரே சமயத்தில் தேடினார்கள்.

ஏனென்றால் அங்கே இரண்டு வெற்றிடங்களும் ஒருசேர இருந்தன. கட்சியில் இரண்டாம் இடம் என்ற ஒன்றே இல்லை. செப்டம்பர் 22 முதல் 75 நாட்கள் மருத்துவமனையில் இருந்தவரின் ஒரு புகைப்படம்கூட வெளிவரவில்லை. அமைச்சர்கள் வாசலில் மைக்கைப் பிடித்து, அம்மா இட்லி சாப்பிட்டார், நலமாக இருக்கிறார் என்றார்கள். அதை நம்பாமல் இணையத்தில் எழுதியவர்கள் மீது வதந்தி பரப்பியதாக வழக்குகள் பாய்ந்தன. ஓர் ஆண்டு கழித்து, 2017 செப்டம்பரில், அமைச்சர் திண்டுக்கல் சீனிவாசன் மதுரைக் கூட்டத்தில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்: இட்லி, சட்னி எல்லாம் பொய், நாங்கள் யாரும் அவரைப் பார்க்கவேயில்லை என்று. வழக்குப் போடப்பட்டவர்களின் நிலை அதன்பின் என்னவாக வேண்டும் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. 2016 அக்டோபரிலேயே இடைத்தேர்தல் வேட்பாளர்களுக்கான கட்சிப் படிவங்களில் ஜெயலலிதாவின் கையெழுத்துக்குப் பதில் இடது கைப் பெருவிரல் ரேகை இருந்தது. அந்த ரேகையை வைத்து வழக்கு நடந்து, 2019 மார்ச்சில் திருப்பரங்குன்றம் தேர்தல் வெற்றி செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு முதலமைச்சரால் பேனாவைப் பிடிக்க முடிந்ததா என்பதே நீதிமன்றம் போய்த் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமாக இருந்தது.

இந்த இருட்டு பிறகு எப்படிப் பயன்பட்டது என்பதை வரிசையாகப் பார்த்தால் ஒரு நாடகக் கம்பெனியின் நிகழ்ச்சி நிரல் மாதிரி இருக்கும். 2017 பிப்ரவரி 7 இரவு, பன்னீர்செல்வம் மெரினா சமாதியில் கண்மூடி முக்கால் மணி நேரம் அமர்ந்து எழுந்து, ஜெயலலிதாவின் தோழி சசிகலாவுக்கு எதிரான ‘தர்மயுத்தம்’ தொடங்கினார். ஒரு வாரம் கழித்து, சிறை செல்லும் வழியில் சசிகலா அதே சமாதியில் கையால் மூன்று முறை ஓங்கி அடித்துச் சபதம் எடுத்தார். ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில், பன்னீர்செல்வம் அணியினர் தேசியக் கொடி போர்த்திய ஜெயலலிதா உருவ பொம்மையைச் சவப்பெட்டியில் வைத்து வண்டியில் ஏற்றி வாக்குக் கேட்டார்கள். பண விநியோகத்தால் அந்தத் தேர்தல் ரத்தாகி டிசம்பரில் மீண்டும் வந்தபோது, வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள், சசிகலாவின் உறவினரும் வேட்பாளருமான தினகரனின் தரப்பு ஒரு காணொளியை வெளியிட்டது. மருத்துவமனைப் படுக்கையில் ஜெயலலிதா ஒரு கோப்பையிலிருந்து எதையோ உறிஞ்சுகிறார். அவ்வளவுதான் அந்தக் காணொளி. தினகரன் 40,000க்கும் மேற்பட்ட வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். காணொளியால்தான் வென்றார் என்று சொல்ல ஆதாரமில்லை. ஆனால் 2016 அக்டோபரில் வந்திருந்தால் வதந்திகளை நிறுத்தியிருக்கக்கூடிய ஒரு படம், ஓராண்டுக்கும் மேலாகப் பெட்டிக்குள் இருந்து, வாக்குப்பதிவின் முந்தைய நாளில்தான் வெளிச்சம் கண்டது.

பிறகு ஆணையம். நீதிபதி ஆறுமுகசாமி ஆணையம் அமைக்கப்பட்டதே பன்னீர்செல்வம் அணி மீண்டும் கட்சியில் இணைவதற்கு வைத்த நிபந்தனையின் விளைவு. மூன்று மாதத்தில் முடிய வேண்டிய விசாரணை, நீட்டிப்புகளாலும் இரண்டரை ஆண்டு நீதிமன்றத் தடையாலும் ஐந்து ஆண்டு இழுத்தது. விசாரணை கேட்டுச் சமாதியில் அமர்ந்தவர் ஆணையத்தின் முன் வந்தது 2022 மார்ச்சில். தனக்குத் தனிப்பட்ட சந்தேகம் எதுவும் இருந்ததில்லை, மக்களின் சந்தேகத்தைப் போக்கவே விசாரணை கேட்டேன் என்ற பொருளில் சாட்சியம் சொன்னார். இதற்கிடையில், 2021 தேர்தலில் ஜெயலலிதா மரணத்தின் உண்மையை வெளிக்கொணர்வோம் என்று வாக்குறுதி தந்தது அவருடைய பரம எதிரியான திமுக. 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட ஆணையத்தின் அறிக்கை, சசிகலா உள்ளிட்ட நால்வரை விசாரிக்கப் பரிந்துரைத்தது, அவர்கள் மறுத்தார்கள். சிகிச்சை முறைப்படியே நடந்தது என்று எய்ம்ஸ் மருத்துவர் குழு சொல்லியிருந்தது. அறிக்கையின் இன்னொரு முடிவு, உயிர் பிரிந்தது டிசம்பர் 5 இரவு அல்ல, டிசம்பர் 4 பிற்பகல் என்பது.

இதோடு ஒப்பிட 2018 ஆகஸ்ட் கையருகே இருக்கிறது. கருணாநிதி காவேரி மருத்துவமனையில் 11 நாட்கள் இருந்தார். அறிக்கைகள் தொடர்ந்து வந்தன. வெங்கய்ய நாயுடுவும் ராகுல் காந்தியும் படுக்கை அருகே நிற்கும் படங்கள் வெளியாயின. கட்சியின் செயல் தலைவராக ஸ்டாலின் ஒன்றரை ஆண்டுக்கு முன்பே அமர்ந்திருந்தார். இரண்டு வெற்றிடமும் இல்லை. அதனால் ஆகஸ்ட் 7 மாலை அவர் இறந்தபோது எப்படி என்றும் அடுத்து யார் என்றும் யாரும் கேட்கவில்லை. சண்டை ஆறடி நிலத்துக்கு மட்டும் நடந்தது. பதவியில் இருக்கும்போது இறந்தவர்களுக்கே மெரினா என்று சொல்லி, அரசு கிண்டியில் காந்தி மண்டபத்துக்கு அருகே இரண்டு ஏக்கர் தர முன்வந்தது. காமராஜருக்கு அன்று கருணாநிதி மெரினாவில் இடம் தரவில்லை என்ற பழைய கணக்கையும் இழுத்தது. இரவோடு இரவாக நீதிபதியின் இல்லத்தில் விசாரணை நடந்து, மறுநாள் காலை உயர் நீதிமன்றம் மெரினாவில் இடம் தரச் சொன்னது. ராஜாஜி மண்டபத்தில் தீர்ப்பைக் கேட்டு ஸ்டாலின் கைகூப்பி அழுத காட்சியைத் தமிழகமே பார்த்தது. மறுத்தவர்களுக்கு அந்த ஒரு காட்சியால் ஏற்பட்ட இழப்பு, கொடுத்திருந்தால் ஏற்பட்டிருக்காது. இரவல் வாங்கிய இதயத்தை அண்ணாவின் காலடியில் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று தொண்டர்கள் பேசிக்கொண்டார்கள். 49 ஆண்டுகளுக்கு முந்தைய கவிதை அந்த மணலில்தான் முடிய வேண்டியிருந்தது, கிண்டியில் முடிந்திருக்காது.

இந்த வாதத்துக்கு எழக்கூடிய மறுப்புகளில் முதலாவது, மக்களின் துக்கத்தைக் கொச்சைப்படுத்துவதாகாதா என்பது. ராஜாஜி மண்டபத்தின் வரிசையில் மணிக்கணக்கில் நின்றவர்களை யாரும் கூலிக்கு அழைத்து வரவில்லை. மதிய உணவும் ரேஷன் அரிசியும் அவர்கள் வாழ்வைத் தொட்டிருந்தன. அவர்கள் துக்கம் நிஜமானது என்பதால்தான் அதை அபகரிக்கப் போட்டியே வருகிறது. இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. வாக்காளர் ஏமாறுவதில்லை, 1989இல் ஜானகியையும் பிறகு ஜெயலலிதாவின் அண்ணன் மகள் தீபாவையும் குடும்ப உறவைக் காட்டி வந்தார்கள் என்பதற்காக மக்கள் ஏற்கவில்லை, 2021இல் அதிமுக தோற்றது, பிறகென்ன கவலை? உண்மைதான். இயற்கை மரணத்தின் கதை பொதுத்தேர்தலை அரிதாகவே வெல்கிறது. அதன் களம் கட்சிக்குள்ளேதான். அங்கே வெல்பவர் பொதுச் செயலாளர் ஆகிறார், இடைப்பட்ட காலத்தில் ஆட்சியையும் நடத்துகிறார். 2017இல் கூவத்தூர் விடுதியில் சட்டமன்ற உறுப்பினர்கள் அடைபட்டுக் கிடந்த நாட்களில் மாநிலத்தின் முதல்வர் யார் என்று முடிவு செய்தவர்கள் வாக்காளர்கள் இல்லை.

நோயாளியின் அந்தரங்கம் என்ற மூன்றாவது மறுப்பை அலட்சியமாகத் தள்ள முடியாது. படுக்கையில் கிடக்கும் தன் முகத்தை ஊர் பார்க்க வேண்டாம் என்று ஜெயலலிதா நினைத்திருந்தால் அதற்கு அவருக்கு உரிமை உண்டு. ஆனால் 2016 அக்டோபர் 11 அன்று அவருடைய துறைகள் பன்னீர்செல்வத்துக்கு மாற்றப்பட்டபோது, முதலமைச்சரின் ஆலோசனைப்படியே இது செய்யப்படுகிறது என்றது ஆளுநர் மாளிகையின் அறிவிப்பு. ஆலோசனை சொல்லும் நிலையில் முதல்வர் இருக்கிறாரா என்பது அந்த நிமிடமே அந்தரங்கம் என்ற எல்லையைத் தாண்டி அரசமைப்புக் கேள்வியாகிவிடுகிறது. அதற்குப் புகைப்படம் தேவையில்லை. சிகிச்சை தரும் மருத்துவர்கள் பெயரும் கையெழுத்தும் போட்டு, நினைவோடு இருக்கிறாரா, முடிவெடுக்க இயலுமா என்று மட்டும் குறித்த நாட்களில் சொன்னால் போதும். முதலமைச்சர் நீண்ட நாள் செயல்பட முடியாமல் போனால் அதை யார், எப்படி உறுதி செய்வது என்பதற்கு அரசமைப்பில் நேரடியான வழிமுறை இல்லை. 1984இல் எம்.ஜி.ஆர். புரூக்ளின் மருத்துவமனையில் இருந்தபோதே எழுந்திருக்க வேண்டிய கேள்வி இது. அன்று அவர் மருத்துவமனையில் இருக்கும் வீடியோ ஊர் ஊராகத் திரையிடப்பட்டது. அவர் அங்கிருந்தே ஆண்டிபட்டியில் வென்றார். கேள்வி அப்படியே கிடந்தது.

மெரினாவில் ஜெயலலிதாவுக்குச் சுமார் 80 கோடி ரூபாயில் எழுப்பிய நினைவிடம் 2021 ஜனவரி 27 அன்று திறக்கப்பட்டது. சசிகலா தண்டனை முடிந்து விடுதலையானதும் அதே நாளில்தான். அதன் பிறகு ஒவ்வொரு டிசம்பரிலும் எடப்பாடி பழனிசாமி, பன்னீர்செல்வம், தினகரன், சசிகலா என்று அணிக்கு அணி வேறு வேறு நேரத்தில் வந்து மலர்வளையம் வைத்துவிட்டுப் போகிறார்கள். எல்லோரும் வருவது டிசம்பர் 5ஆம் தேதி. ஐந்து ஆண்டு விசாரித்து ஆணையம் சொன்ன டிசம்பர் 4 அன்று, அந்த ஆணையம் வேண்டும் என்று கேட்டவர்கள் உட்பட, ஒருவரும் வருவதில்லை.